பெயர் சொல்லி அழைத்த காலை

புரட்டாசித் திங்கள் ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை.

நேற்று மாலை ஊர்க்கோயில் மண்டபத்தில் திருநூலுக்குப் பொருள் சொன்ன நான், நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்திவிட்டேன். எழுதும்போது இது சிறு பிழையாகவே தோன்றுகிறது. பாடம் முடிந்த இடத்தில் பேச்சும் முடிந்தது, அவ்வளவே. ஆயினும் அதன் பயனாக இன்று விடியலில் எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் ஒரு துளிப் பாலும் கறக்கப்படவில்லை. நடந்ததை நடந்த முறையில் எழுதி வைக்கிறேன். நாட்குறிப்பையும் நல்லார் ஒருவர் படிப்பார் என்று எண்ணியே எழுதுக என்பது எங்கள் மாலை வகுப்பின் நெறி. ஆதலின், இதனைப் படிக்கும் நல்லீர், முதலில் எங்கள் ஊரைக் காட்டுகிறேன்.

திருவாடானைக் கோயிலின் நெடுங்கோபுரத்தைப் பின்னே விட்டுக் கிழக்கு நோக்கி வருவீராயின், பனைகள் அணிவகுத்து வழிகாட்ட, சீமைக் கருவேலம் இருமருங்கும் முள்வேலி விரிக்க, பாதை ஒரு கண்மாய்க் கரையில் ஏறி இறங்கும். இறங்கும் இடமே நிரைமீட்டான் ஏந்தல். கடல் இங்கிருந்து கண்ணுக்குத் தெரியாது. ஆயினும் விடியற்காற்று உப்பைச் சுமந்து வந்து உதட்டில் வைத்துச் செல்வதால், அது நெடுந்தொலைவில் இல்லை என்பதை எவரும் மறப்பதில்லை. புழுதியில் விதைத்த நெல் மண்ணுக்குள் கண்மூடிக் கிடக்க, கண்மாயின் அடிநிலம் ஆமை ஓடு போல் வெடித்துக் கிடக்க, உழவர் ஒவ்வொருவரும் தத்தம் வேலையினூடே தலையை உயர்த்தி வடகிழக்கு மூலையைப் பார்ப்பதும், அங்கே ஒரு முகிலும் இல்லாமை கண்டு மீண்டும் குனிவதுமாக இத்திங்கள் கழியும். விதைப்புக்கும் மழைக்கும் இடைப்பட்ட இந்நாள்களில் வீடுகளைத் தாங்கி நிற்பவை கறவை மாடுகளே. விடியலில் பித்தளைச் செம்புகளில் பால் விழும் ஓசை தெருவுக்குத் தெரு கேட்கும். இன்று அவ்வோசை இல்லை.

எங்கள் ஊரின் பெயருக்கு ஒரு திருநூல் உண்டு. படகேறி வந்த கள்வர் இவ்வூர் ஆநிரையைக் கடற்கரைக்கு ஓட்டிச் சென்றதையும், இறைவன் ஓர் ஆயனாக நடந்து வந்து அதனை மீட்டதையும் அது பாடுகிறது. மழை வேண்டிப் புரட்டாசியில் அதனை மண்டபத்தில் படிப்பது பழைய முறை. ஒருவர் பாடுவார், மற்றொருவர் பொருள் சொல்வார். பொருள் சொல்ல ஆளின்றி அம்முறை நான் பிறக்கும் முன்பே நின்றுபோயிற்று. பள்ளியில் தமிழ் கற்பிக்கும் காளீஸ்வரன் என்னும் இளைஞர் ஈராண்டுக்கு முன் மாலை வகுப்பொன்றைத் தொடங்கி, அத்திருநூலைப் பாட்டுப் பாட்டாகப் பிரித்து எங்களுக்குக் கற்பித்து வருகிறார். கற்ற பாட்டின் பொருளை ஒருவருக்கேனும் சொல்லாமல் அடுத்த பாட்டுக்குப் போகக் கூடாது என்பது அவர் வைத்த ஒரே கட்டளை. முதலில் அடுப்படியில் அம்மாவுக்குச் சொன்னேன். பிறகு மிளகாய் பறிக்கையில் உடன் பறிப்பவர்களுக்குச் சொன்னேன். இவ்வாண்டு ஊரே கூடி, மீண்டும் மண்டபத்தில் படிக்க வேண்டும் என்றபோது, பாடுவதற்கு மாரீஸ்வரனும் பொருள் சொல்வதற்கு நானும் அமர்ந்தோம். ஒரு பெண் அங்கு அமர்ந்து பொருள் சொல்வது இதுவே முதன்முறை.

இவ்வளவு பெருமைக்கும் நான் தகுதியுடையவளா என்னும் ஐயம் நாள்தோறும் என்னை விட்டு நீங்கியதில்லை. ஆகையால் எனக்கு நானே ஓர் எல்லை வகுத்துக்கொண்டேன்: முறையாகப் பாடம் கேளாத ஒரு பாட்டையும் அவையில் சொல்வதில்லை. நேற்றைய பாடம் கள்வர் நிரையை ஓட்டிச் சென்ற பாட்டோடு முடிந்தது. ஆசிரியர், புரட்டாசி என்று பாராமல் நாள் குறித்த தம் தங்கையின் திருமணத்துக்காகத் திருப்புல்லாணிக்குப் புறப்பட்டுவிட்டார். அடுத்த பாடமும் அடுத்த படிப்பும் வெள்ளிக்கிழமைதான். எனவே அவ்விடத்தில் ஏட்டை மூடி, வணங்கி, இறங்கினேன். அவை பேச்சற்றிருந்தது. பொருள் நெஞ்சில் பதிந்ததனால் வந்த அமைதி என்று எண்ணி மகிழ்ந்தேன்.

விடியலில் மாரீஸ்வரனின் வண்டி வாயிலில் நின்று விடாமல் ஒலித்தது. அவன் மாலையில் என் உடன் பயில்பவன். காலையில் வீடு வீடாகப் பால் வாங்கித் திருவாடானைக்குக் கொண்டு செல்லும் குட்டி யானை வண்டியை ஓட்டுபவன்.

"ஏத்தா ஜெயசுதா! நேத்து என்னத்தச் சொல்லித் தொலைச்ச? ஒரு வீட்டுலயும் பால் ஊத்த மாட்டேங்கிறாக. கேனெல்லாம் காத்து வாங்குது."

"பாட்டுல உள்ளதத்தானே சொன்னேன்."

"அதான் வெனையே! மாட்ட ஓட்டிட்டுப் போயிட்டாய்ங்கன்னு சொல்லிப்புட்டு, நீ பாட்டுக்குப் பொஸ்தகத்த மூடிட்டு எறங்கிட்ட. ஓட்டிட்டுப் போன மாட்டுல எப்பிடிப் பால் கறக்குறதுன்னு கேக்குறாக. நான் என்ன பதில் சொல்லட்டும்? களவாணிகிட்டப் போயி கேன நீட்டவா?"

என் தந்தை கூத்தையா தொழுவத்திலிருந்து வெறுங்கையோடு வந்தார்.

"அது அப்பிடித்தாந்தா. மாடு போயிருச்சுன்னு சாமி முன்னால வாசிச்சிட்டா, திரும்பி வந்துச்சுன்னு வாசிக்கிற வரைக்கும் அது நம்ம மாடு இல்ல. நம்மளுது இல்லாதத நாம கறக்கப்படாது. அந்தக் காலத்துல ரெண்டு படலத்தையும் ஒரே இருப்புல முடிச்சிட்டுத்தான் எந்திரிப்பாக."

"இத நேத்தே சொல்லக் கூடாதா அய்யா?"

"நீ படிச்ச புள்ள. ஏதோ வெவரமாத்தான் நிறுத்துறயாக்கும்னு இருந்துட்டேன்."

"முடிவுதான் எல்லாருக்கும் தெரியுமே! ஊரு பேரே நிரைமீட்டான் ஏந்தல்தானே?"

"தெரியும்தா" என்றார் தந்தை. "ஆனா சொல்லலையே."

இதனினும் கடிய செய்தியொன்றை மாரீஸ்வரன் தயங்கித் தயங்கி இறுதியில் சொன்னான். கோயில் பொறுப்பினராகிய பெருநிலக்கிழார் வீரபத்திரன், நாளை மாலை பொருள் சொல்ல இராமநாதபுரத்திலிருந்து ஒரு சொற்பொழிவாளரை அழைத்துவிட்டாராம். "பாதி படிச்ச புள்ளைய ஒக்கார வச்சது என் தப்பு" என்று ஊரார் கேட்கச் சொன்னாராம். ஈராண்டு மாலைகளாக நான் விரும்பியது அவ்விடம் ஒன்றையே; வேறொன்றும் விரும்பியதில்லை. அது என் கையை விட்டுப் போகும் ஓசையை, அண்டை வீட்டில் பஞ்சம்மாளின் பசு கதறிய ஓசையோடு சேர்த்துக் கேட்டேன். அதன் கன்று சென்ற திங்கள் இறந்துவிட்டது. மடி கட்டி வலித்தாலும் குடித்துத் தணிக்க ஒரு வாயில்லை.

ஆசிரியரைக் கைப்பேசியில் அழைத்தேன். மேளமும் நாதசுரமும் ஒருங்கே முழங்கின. அவற்றினிடையே அவர் குரல் கரை தெரியாத நீச்சல்காரன் தலைபோல் எழுந்து எழுந்து அமிழ்ந்தது. "தாலி கட்டப் போறாங்கம்மா! … மீட்புப் படலமா? … ஏடு கையில இருக்குல்ல? படி!" என்பதோடு தொடர்பு அற்றது.

படித்தேன். வேப்பமரத்தடியில் அமர்ந்து, மீட்புப் படலத்தின் பதினான்கு பாட்டையும் எங்களுக்குக் கற்பித்த முறைப்படியே சீர் பிரித்து, சொல் பிரித்து, எழுவாயைத் தேடி, வினைமுற்றைக் கண்டு, நடுவில் நின்ற அடைகளை ஒவ்வொன்றாக உரிய இடத்தில் சேர்த்தேன். சேற்றில் புதைந்த கல்லைக் காலால் துழாவிக் கண்டு அடுத்த அடி வைப்பவள் போல் மெல்ல நடந்தேன். வியப்பு அங்கேதான் காத்திருந்தது. மீட்புப் படலம் என்றால் போர் என்றே சிறு வயது முதல் கேட்டு வளர்ந்திருந்தேன். வில் வளைந்ததாகவும், அம்பு மழையாகப் பொழிந்ததாகவும், கள்வர் கடலில் வீழ்ந்ததாகவும் சொல்வார்கள். இப்பாட்டுகளில் அவற்றில் ஒன்றும் இல்லை. இறைவன் கையில் ஒரு கோல் மட்டுமே ஏந்தி வருகிறான். "படைக்கலம் எங்கே?" என்று ஆயர் கேட்கின்றனர். அவன் விடை கூறாமல் வீடுதோறும் சென்று, உன் பசுவின் பெயர் என்ன, உன் பசுவின் பெயர் என்ன என்று கேட்டுக்கொள்கிறான். பிறகு கடற்கரை மணல்மேட்டில் ஏறி நின்று, ஒவ்வொரு பெயராக அழைக்கிறான். அலையோசையையும் மீறி அப்பெயர் தன் செவிக்கு எட்ட, ஒவ்வொரு பசுவும் தலை திருப்பித் தன் கட்டுத்தறிக்கு மீள்கிறது.

மூன்று முறை படித்தேன். என் அறிவின் குறையால் போரை நான் தவறவிட்டேனோ என்று அஞ்சி நான்காம் முறையும் படித்தேன். பொருள் மாறவில்லை. அப்போது என்னுள் ஒன்று நிமிர்ந்தது. பிறர் வாயால் கேளாமல், என் கண்ணால் ஒரு திருப்பாட்டின் உள்ளே சென்று மீண்டிருக்கிறேன் என்பதை உணர்ந்தேன்.

"மண்டபத்துக்கு ஊரக் கூப்பிடவா?" என்றான் மாரீஸ்வரன்.

"வேணாம். சாமி வீடு வீடாத்தான் போயிருக்காரு. நாமளும் அப்பிடியே போவோம்."

"போச்சு. இன்னைக்குப் பால் மோராத்தான் போய்ச் சேரும்" என்றான், ஆயினும் வண்டியை விட்டிறங்கி உடன் வந்தான்.

பஞ்சம்மாள் தன் பசுவின் கழுத்தைத் தடவியபடி கண் கலங்கி நின்றாள். என்னைக் கண்டதும் கலக்கம் சினமாயிற்று.

"வாடியம்மா! ஒன் வாயி நல்லா இருக்கட்டும். வாயில்லாச் சீவன் துடிக்கிறதப் பாரு."

"அதுக்குத்தான் அத்தை வந்திருக்கேன். ஒங்க மாட்டுக்குப் பேரு என்ன?"

"பேரு எதுக்கு இப்ப?"

"சாமி கேக்குது."

அவள் சற்றே நாணினாள். "மினிபஸ்ஸு" என்றாள். "சிரிக்காத. நம்ம ஊருக்கு மொதமொத மினிபஸ் வந்த அன்னைக்குப் பெறந்துச்சு."

மாரீஸ்வரன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு பாடத் தொடங்கினான். தொழுவத்து ஓலைக்கூரையின் கீழ் அவன் குரல் மண்டபத்தில் ஒலித்ததினும் நன்றாக ஒலித்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் பொருள் சொன்னேன். ஆயர் அழுததைச் சொன்னேன். புழுதிக் காலோடு ஒருவன் வந்து நின்றதைச் சொன்னேன். அவன் கேட்ட கேள்வியைச் சொன்னேன். மணல்மேட்டில் நின்று அவன் அழைத்த இடம் வந்தபோது, பழம்பெயர்களை அழைத்து முடித்து, "மினிபஸ்ஸு!" என்றும் அழைத்தேன்.

"வந்துருச்சா?" என்றாள் பஞ்சம்மாள். கதை கேட்பவளின் கேள்வியன்று அது. தொலைந்த பொருளின் உடையவள் கேட்ட கேள்வி.

"வந்துருச்சு அத்தை. தறிக்கே வந்துருச்சு."

அவள் செம்போடு குந்தினாள். வெறுஞ்செம்பில் முதல் பால்தாரை விழுந்த ஓசையை, நல்லீர், நான் எந்த உவமையாலும் எழுத அறியேன்.

அதன்பின் நாங்கள் அழைக்க வேண்டியிருக்கவில்லை. தெருவே எங்களை அழைத்தது. மயிலையையும் செவலையையும் காரியையும் வெள்ளச்சியையும் பெயர் சொல்லி மீட்டேன். "என் மாடு கொஞ்சம் செவிடு, நல்லாச் சத்தமாக் கூப்பிடு" என்று ஒருவர் கேட்டுக்கொள்ள, மாரீஸ்வரன் அதனையும் ஒரு பண்ணில் வைத்துப் பாடினான். முதல் இரண்டு வீடுகளில் சொல் தேடித் தடுமாறிய நான், போகப் போக ஏட்டைப் பாராமலே சொன்னேன். சொல்லும்தோறும் பொருள் எனக்கே தெளிவாயிற்று. நான்காம் பாட்டில் எனக்கு விளங்காதிருந்த ஒரு தொடர், எட்டாம் வீட்டில் பொருள் சொல்லிக்கொண்டிருந்த வேளையில் தானே விளங்கியது.

இறுதியில் வீரபத்திரனின் மதிற்கதவை அடைந்தோம். பின்னால் ஊரில் பாதிப்பேர் வந்திருந்தனர். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

"எல்லாம் காதுக்கு வந்துச்சும்மா. போரே இல்லைங்கிறயாமே? அம்பு எங்க? வருசா வருசம் கண்மாய்க் கரையில எங்க வீட்டு ஆளுதான் அம்பு விடுறோம். அது பொய்யா?"

என்னை அங்கு அமர்த்தவும் அகற்றவும் உரியவர் அவர். அம்பு ஒன்றைப் பாட்டுக்குள் வைத்துவிட்டால் இடம் எனக்கு நிலைக்கும். வைப்பதற்கு ஒரு நொடியும் வேண்டியதில்லை.

"நான் படிச்ச பதினாலு பாட்டுல அம்பு இல்ல பெரியய்யா. அம்பு விடுறது நம்ம ஊரு மொறை. அது பொய்யின்னு நான் சொல்லல. எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியல."

"தெரியலைன்னா?"

"தெரியலதான். தேடிப் பாத்துச் சொல்றேன். இல்லாதத உள்ள வச்சுச் சொல்ல மாட்டேன்."

"சரி, உள்ளதச் சொல்லு" என்றார்.

மாரீஸ்வரன் பாட, நான் சொன்னேன். பெயர் கேட்கும் பாட்டு வந்ததும், "ஒங்க மாடுகளுக்குப் பேரு என்ன பெரியய்யா?" என்றேன்.

அவருடைய தொழுவத்தில் மூன்று கலப்பினப் பசுக்கள், காதில் மஞ்சள் வில்லை தொங்க நின்றன. "பேரா? காதுல நம்பர் போட்டிருக்குல்ல" என்றார்.

"நம்பரச் சொன்னாப் போனுதான் அடிக்கும், மாடு திரும்பாது" என்று மாரீஸ்வரன் முணுமுணுக்க, பின்னால் ஒரு சிரிப்பலை எழுந்து, அவர் பார்வை பட்டு அடங்கியது.

அப்போது தொழுவத்தின் உள்ளிருந்து அவர் மனைவி சோணையம்மாள், கையில் வைக்கோலோடு வெளிப்பட்டார். "பேரில்லாமயா இருக்கு? அந்தா நிக்கிறவ பொன்னாச்சி. நடுவுல உள்ளது வம்புக்காரி, ஒதைக்கும். கடைசில நிக்கிறது சின்னராணி."

"இது எப்ப வச்சது?" என்றார் வீரபத்திரன்.

"வாங்கியாந்த அன்னைக்கே. ஒங்ககிட்டச் சொன்னா, மாட்டுக்குப் பேரு ஒண்ணுதான் கொறைச்சல்னுவிய."

அவர் எழுந்தார். தொழுவத்தை நோக்கி, ஊரார் முன்னிலையில், "பொன்னாச்சி" என்றார். பசு அசை போட்டபடியே நின்றது. "இன்னும் பழகலைல்ல" என்று சொல்லிச் சோணையம்மாள் தாம் ஒருமுறை அழைத்தார். அது தலையைத் திருப்பியது. முதலில் சிரித்தவர் வீரபத்திரனே. நான் மணல்மேட்டுப் பாட்டை மூன்று பெயர்களோடும் சொல்லி முடித்தேன். சோணையம்மாள் பால் கறக்க அமர்ந்தார், வம்புக்காரி உதைத்தாள்.

வீரபத்திரன் கைப்பேசியை எடுத்தார். "அய்யா வணக்கம். நாளைக்கு நீங்க அலைய வேணாம். எங்க ஊர்ப் புள்ளையே சொல்லும்… ஆமா, பொம்பளைப் புள்ளதான்." பின்பு என்னிடம், "அந்த அம்ப மட்டும் தேடு. இருந்தாலும் சொல்லு, இல்லைன்னாலும் சொல்லு. இன்னொண்ணு. இனிமே நிறுத்துறதுக்கு முன்னாடி கேட்டுக்கிட்டு நிறுத்து" என்றார்.

மாரீஸ்வரனின் வண்டி கதிரவன் பனையுச்சிக்கு மேல் ஏறிய பின்பே, கலங்கள் நிறைந்து தளும்பப் புறப்பட்டது. தாமதத்துக்குக் காரணம் கேட்டால் என்ன சொல்வாய் என்றேன். "கடல்கரை வரைக்கும் போயி ஓட்டியாந்தோம்னு சொல்றேன்" என்று போனான். வீட்டில் என் தந்தை, தம் பசுவைக் கறந்து முடித்து, முதல் குவளையை என் கையில் தந்தார். அவர் புகழ்ந்து பேசும் பழக்கம் இல்லாதவர். குவளையைத் தரும்போது மேல்துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மண்டபத்தில் பொருள் சொல்பவர் முன் ஊரார் செய்யும் முறை அது. நான் மகள் என்பதை அவருக்கு நினைவூட்ட வாய் திறந்தேன். திறந்த வாயால் பாலைக் குடித்தேன்.

செருக்குக்கு அஞ்சியே நான் இதுகாறும் இந்நாட்குறிப்பில் என் குறைகளை மட்டும் எழுதி வந்தேன். இன்று ஒரு வரி மாற்றி எழுதுகிறேன். திருநூல் ஒன்றைக் கற்றேன். கற்றதை வாயில்தோறும் கொண்டு சென்றேன். அது சென்ற இடமெல்லாம் பால் சுரந்தது. கற்றதைத் தன்னோடு வைத்துக்கொள்பவர் அதனைக் காப்பதாக எண்ணுகின்றனர். நானும் அவ்வாறே எண்ணி ஓரிடத்தில் நிறுத்தினேன். அது மடி கட்டிய பால். பிறருக்குக் கொடுத்த பின்பே அது இனிப்பு என்று எனக்குத் தெரிந்தது. மழை இன்னும் வரவில்லை. வடகிழக்கு மூலையில் முகிலும் இல்லை. ஆயினும் இம்மாலை ஊர் தலை நிமிர்ந்து அத்திசையைப் பார்த்தபோது, அவர்களோடு நானும் தலை நிமிர்ந்து பார்த்தேன்.

நாளைக்கு: விடியலில் மிளகாய்த் தோட்டத்துக்குக் கிணற்று நீர் பாய்ச்ச வேண்டும். பிற்பகலில் ஆசிரியர் திரும்பியதும் பதினான்கு பாட்டையும் அவரிடம் சொல்லிக்காட்டித் திருத்திக்கொள்ள வேண்டும். அம்பு வருகிறதா என்று அடுத்த படலத்தை முழுவதும் படிக்க வேண்டும். மாலை ஆறு மணிக்கு மண்டபத்தில் மீட்புப் படலம். பொருள் சொல்பவள் நான்.